யாரும் திருடாத கண்ணாடி

4

களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தருவது துப்பறிவோர் தொழில். கேட்காமலே வந்து சேர்ந்த ஒரு பொருளைக் கொண்டுவந்தவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னால்? சென்னையிலிருந்து வந்த துப்பறியும் தாண்டவராயன் செய்த முதல் காரியம் இது: செஞ்சிக் கடைத்தெருவின் நடுவே, தை மாதத்துக் காலை வெயிலில், டிரைவர் முருகையனின் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

துண்டு ஒன்று விழுந்தது. சீப்பு விழுந்தது. பீடிக்கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன. கடைசியில் விழுந்த தூக்குச் சட்டியின் மூடி கழன்று, கேழ்வரகுக் கூழ் புழுதியில் வழிந்தது. மண்டிக்கு மல்லாட்டை மூட்டை சுமந்தவர்கள், நிலக்கடலையின் பாரத்தைவிட வேடிக்கையின் சுவை பெரிதென்று, சுமையோடு நின்றார்கள்.

"கையை நீட்டு."

முருகையன் நீட்டினான். வலக்கையின் இரு விரல் நுனிகளில் சிவப்புக் கறை.

"பாருங்கள்! காரில் இருக்கும் கண்ணாடியின் விளிம்பிலும் இதே சிவப்பு. பட்டறையில் இரும்புக்கு அடிக்கும் செங்காவிப் பெயிண்ட்! பட்டறையில் கண்ணாடியைச் செய்து வாங்கியதும் இந்தக் கை. காரில் பொருத்தியதும் இந்தக் கை!"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார். கைதட்டல் என்றால் தாண்டவராயனின் தோள்கள் தாமாக நிமிரும். நிமிர்ந்தன.

"நான் மாட்டல சார்," என்றான் முருகையன்.

"பிறகு யார்?"

முருகையன் வாய் திறக்கவில்லை. குற்றவாளியின் மௌனம் என்று அதற்குப் பெயர் சூட்டினார் தாண்டவராயன். பெயர் சூட்டுவது எவ்வளவு எளிது! கூட்டமும் அந்தப் பெயரை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

காரின் சொந்தக்காரர், மல்லாட்டை மண்டி முதலாளி பூவராகவன், அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். "சாயந்தரம் எல்லா மொதலாளிங்களும் மண்டியில கூடுறோம். அதுக்குள்ள இவன் ஒத்துக்கணும். இல்லன்னா செஞ்சி மட்டும் இல்ல, திண்டிவனம் வரைக்கும் எவனும் இவன் கையில ஸ்டீரிங்கக் குடுக்க மாட்டான். பொண்டு புள்ளைங்க போற வண்டி சார் இது!"

விஷயம் இதுதான். தென்னாட்டு மோட்டார் கம்பெனி என்றொரு கம்பெனி. அது செய்யும் காருக்கு 'மந்தாரை' என்று பெயர். மந்தாரை ஒன்று, வேடம் பல. சென்னை டாக்டர்களுக்கு உள்ளே ஒரு படிப்பு விளக்கு. கோவை ஆலை முதலாளிகளுக்கு மெத்தென்ற இருக்கை. ஏற்கெனவே மந்தாரை வாங்கிப் பழகிய செஞ்சி வியாபாரிகளை இழந்துவிடக் கூடாதென்று, அவர்களிடமும் கம்பெனி கைகட்டிக் கேட்டது: 'ஐயா, உங்கள் ஊருக்கு என்ன மாற்றம் வேண்டும்?' மூட்டை பிடிக்கும் அகன்ற டிக்கி வேண்டும் என்றார்கள், வந்தது. பின் ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்றார்கள்; வந்தது. டிரைவரின் தலைக்கு மேலே, பின்புறம் பார்க்க ஒரு கண்ணாடி இருக்கிறதே, அது வேண்டாம் என்றார்கள். வண்டியோட்டும் கூலிக்காரன் வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்ப்பதா? கம்பெனி சிந்தித்தது. சிந்திக்க ஒன்றுமில்லை என்று கண்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வண்டிக்குக் 'குடும்ப மந்தாரை' என்று பெயர் வைத்தது. திருகாணி இருந்த இரண்டு துளைகளை அடைக்கக்கூட அதற்குத் தோன்றவில்லை.

இப்போது, கழற்றிய இடத்தில் கண்ணாடி முளைத்துக்கொண்டிருந்தது. முதலில் பூவராகவன் காரில். பிறகு அதே கடைத்தெருவில் இன்னும் இரண்டு கார்களில். முதலாளிகள் கொதித்தார்கள், அடுத்த வண்டிக்கு வேறு கம்பெனியிடம் போவோம் என்றார்கள். கம்பெனியின் ஏஜெண்ட் துரைராஜ் அலறியடித்துத் தாண்டவராயனை அழைத்து வந்தார்.

"சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கூழையும் விசாரிச்சாச்சா? இல்ல அதுக்குத் தனி வாய்தாவா?"

ரஞ்சிதம். தாண்டவராயனின் உதவியாளர். நாடகக் கம்பெனியில் கதாநாயகிக்குத் தோழியாக நடித்து, கதாநாயகியைவிடப் பெரிய கைதட்டல் வாங்கிய குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டவள்.

"கேலி பிறகு. தடயம் கையில் இருக்கிறது."

"தடயம் அவர் கையில இருக்குது சார். உங்க கையில பைதான் இருக்குது."

தாண்டவராயன் குனிந்து பார்த்தார். காலிப் பை இன்னும் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, பூவராகவன் வீட்டையொட்டி, கார் நிற்கும் ஷெட்டை நோக்கி நடந்தார்.

ஷெட்டில் குடும்ப மந்தாரை பளபளவென்று நின்றது. துரைராஜ் கதவைத் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தால் டிக்கியின் அகலத்தையும் கைவிரித்துக் காட்டினார்.

"ஊருக்கு ஏத்த வண்டி சார். பழைய மந்தாரை வாங்குன ஒவ்வொரு மொதலாளியையும் நேர்ல பாத்துக் கேட்டுச் செஞ்சது."

ரஞ்சிதம் முன்புறம் தலையை நீட்டி அந்தக் கண்ணாடியை நோக்கினாள். கையகலக் கண்ணாடி, பின்னால் தகரம். காலியாய்க் கிடந்த இரு துளைகளின் வழியே நூல் நுழைத்துக் கட்டியிருந்தது.

"சார், டிரைவருங்க கட்டினா கம்பி முறுக்குவாங்க. மெக்கானிக் கட்டினா திருகாணி போடுவாரு. இந்த முடிச்சப் பாருங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு, இழுக்க இழுக்க இறுகுது. மல்லிகை கட்டுற முடிச்சு."

"ஆண்களும் பூக்கட்டுகிறார்கள்."

"கட்டுறாங்க. பெயிண்டுக்கு எப்படி சார் வாசனை இருக்கும்?"

"மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்."

"இது தாழம்பூ வாசனை அடிக்குது." அவள் கண்ணாடியின் விளிம்பை மோதிர விரலால் தடவினாள், விரல் சிவந்தது. "காஞ்ச பெயிண்ட் கையில ஒட்டுமா? இது ஒட்டுது." அதே கண்ணாடியில் முகம் பார்த்து நெற்றியில் விரலை வைத்தாள். வட்டமாக, அழகாக, ஒரு பொட்டு வந்து உட்கார்ந்தது. "செங்காவிப் பெயிண்ட் எனக்கு நல்லாத்தான் இருக்குது. என்ன சொல்றீங்க?"

தாண்டவராயன் அவள் நெற்றியை உற்றுப் பார்த்தார். குங்குமம். கடைத்தெருவில் அவர் கைநீட்டிக் கர்ச்சித்த செங்காவிப் பெயிண்ட், பெண்கள் நெற்றிக்கு வைக்கும் தாழம்பூக் குங்குமம்.

"ஆனால் அவன் விரலில் அது எப்படி வந்தது?" குரலில் கர்ச்சனை குறைந்திருந்தது.

துரைராஜ் தொண்டையைச் செருமினார். "அது... காலையில மொதலாளிதான் முருகையன்கிட்ட 'அந்தக் கண்ணாடியப் புடுங்கி எறிடா'ன்னாரு. அவன் கைய வச்சான். நான்தான் ஓடிவந்து, 'சார் பாக்கற வரைக்கும் இருக்கட்டும்'னு தடுத்தேன்."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல சார். பேசிட்டு இருந்தீங்க."

காதுமடல் சுடுவதை உணர்ந்தார் தாண்டவராயன். வெயில் ஷெட்டுக்குள் வரவில்லை. சுட்டது வெயில் அல்ல.

அந்நேரம் பூவராகவனும் வந்து சேர்ந்தார். தாண்டவராயன், விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம் என்ற அவசரத்தில், டிரைவர் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வரும் சாலை தெரியவில்லை. பின்னிருக்கையின் இடது மூலை மட்டும் தெரிந்தது.

"பாத்தீங்களா?" பூவராகவனின் குரல் உயர்ந்தது. "அது என் சம்சாரம் உக்கார்ற எடம்! ரோட்டப் பாக்கவா மாட்டியிருக்குறான் படுபாவி?"

ரஞ்சிதம் பின்கதவைத் திறந்து அந்த இடது மூலையில் போய் உட்கார்ந்தாள். "சார், கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க. எப்ப வேணும்னாலும் தொறங்க. நான் சொல்றேன்."

மூடினார். ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.

"இடது கண்ணு. ஏமாத்தக் கூடாது."

"எப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சி எனக்கு முழுசாத் தெரியுதே சார். கண்ணு, மூக்கு, இப்ப வர்ற கோவம், எல்லாம். அங்கேருந்து இங்க பாக்கறதுக்கு மாட்டினதுன்னு காலையிலேருந்து சொல்றோம். இங்கேருந்து அங்க பாக்கறதுக்கு மாட்டியிருந்தா?"

ரஞ்சிதம் துரைராஜ் பக்கம் திரும்பினாள்.

"ஏஜெண்ட் சார், இந்த வண்டியில தெனமும் யாரு போறாங்க?"

"மொதலாளிதான்."

"மொதலாளி வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவுல ரெண்டு கடைதான் இருக்குது. நடந்துதான் வராரு."

"வீட்டுல இருக்கறவங்க... கோயிலு, கல்யாணம்..."

"அவங்களக் கேட்டீங்களா, என்ன வேணும்னு?"

துரைராஜ் டிக்கியை மூடினார். கம்பெனி சந்தையைக் கேட்டது. சந்தையும் பதில் சொன்னது. ஆனால் வண்டிக்குள் உட்காருகிறவர்களையும் ஓட்டுகிறவர்களையும் சந்தை என்று கம்பெனி கருதவே இல்லை. 'நான் மட்டும் கருதினேனா?' என்ற கேள்வி தாண்டவராயனின் நெஞ்சில் முள்ளாய் நின்றது. காலையிலிருந்து அவர் விசாரித்தவர்கள் பட்டியலில் மீசை இல்லாத முகம் ஒன்றுகூட இல்லை.

"முதலாளி," என்றார் மெதுவாக. "தங்கள் துணைவியாரிடம் நான் பேச வேண்டும்."

"பொம்பளைங்கள எதுக்கு சார் இதுல இழுக்கறீங்க?"

"வர்றாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்," என்று ரஞ்சிதம் அதற்குள் வீட்டுப் படியேறிவிட்டாள்.

மற்றவர்களும் பின்னாலேயே கூடத்துக்குப் போனார்கள். சிறிது நேரத்தில் அங்கே வந்தவர் நீலாவதி. பூவராகவனின் மனைவி. கையில் ஓர் அலங்காரப் பெட்டி. அதைக் கணவர் முன்னால் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறம் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரம். அதன் ஓரங்களில் சிந்திய குங்குமம்.

"நான்தான் மாட்டினேன்," என்றார். ரஞ்சிதத்தைக் காட்டினார். "இவங்க கேட்டாங்க, சொல்லிட்டேன். யாராவது மின்னாடியே கேட்டிருந்தா மின்னாடியே சொல்லியிருப்பேன்."

பூவராகவன் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "உனக்கு இன்னா பைத்தியமா? எதுக்கு?"

"முருகையன் தூங்கறானா முழிச்சிருக்கறானான்னு பாக்கறதுக்கு."

அவர் நின்றபடியே சொன்னார். மல்லாட்டை வரத்துக் காலத்தில் முருகையன் இரவெல்லாம் மண்டி லாரியைத் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவான். திரும்பியதும் முகம் கழுவிக் காரை எடுப்பான். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய் வரும்போது, கோட்டைக்கு நடுவே போகும் சாலையில் வண்டி மெல்ல மெல்ல ஒதுங்கி அகழியின் விளிம்புவரை போய்விட்டது. நீலாவதி அலறினார். முருகையன் விழித்துத் திருப்பினான்.

"எம் மக மடியில தூங்கினு இருந்தா," என்றார் நீலாவதி. "பின்னாடி உக்காந்தவளுக்கு டிரைவரோட பிடரி தெரியுது. பிடரி தூங்கறதும் முழிக்கிறதும் எப்படிங்க தெரியும்? உங்ககிட்ட வந்து வண்டிக்குக் கண்ணாடி வேணும்னு கேட்டேன். ஞாபகம் இருக்குதா? 'மூஞ்சி பாக்கறதுக்கு ஊட்லயே கண்ணாடி இருக்குதே'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. சரின்னு ஊட்ல இருந்த கண்ணாடியையே எடுத்து மாட்டினேன்."

"அவன் தூங்கினான்னு சொல்லியிருந்தா அப்பவே வேலய வுட்டுத் தூக்கியிருப்பேனே!"

"அதனாலதான் சொல்லல. தூங்க வுடாதது நாமதானே?"

பூவராகவன் உட்கார்ந்தார்.

"மற்ற இரண்டு வண்டிகள்?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"ஒரு கல்யாணத்துல சொன்னேன். அவங்கவங்க ஊட்லயும் பெட்டி இருக்குது, அதுல கண்ணாடி இருக்குது, தூங்கி வழியற டிரைவரும் இருக்குறாரு."

"அம்மா, கண்ணாடியில் நீங்கள் அவனைப் பார்த்தால் அவனும் உங்களைப் பார்ப்பானே?"

"பாக்கட்டுமே. அந்தக் கண்ணு தொறந்திருந்தாப் போதும் எனக்கு."

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. கேட்டார். "கண்ணாடியை மாட்டியது தாங்கள் என்று முருகையனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? நான் நூல் கட்டறப்ப அவன்தான் கண்ணாடியப் புடிச்சினு நின்னான்."

அப்படியானால் காலையில் பை கவிழ்ந்தபோது, கூழ் வழிந்தபோது, ஊர் நின்று பார்த்தபோது, ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் முருகையன் தப்பியிருப்பான். கடைத்தெருவில் ஒரு குடும்பத்துப் பெண்ணின் பெயர் அடிபடக் கூடாதென்று வாயை மூடி நின்றான். அதற்குத்தான் 'குற்றவாளியின் மௌனம்' என்று பட்டம் கொடுத்திருந்தார் தாண்டவராயன். எத்தனை ஆண்டுகளாக எத்தனை குற்றவாளிகளைத் தலைகுனிய வைத்தவர்! இன்று தலைகுனிந்தவர் அவர்.

"அம்மா, தங்கள் பெயர் வெளியே வராமல் இதை முடித்துவிடுகிறேன்."

நீலாவதி பெட்டியை மூடினார். "எம் பேர மறைச்சீங்கன்னா, அவன் பேரு எப்படிங்க சுத்தமாவும்?"

மாலையில் மண்டி நிறைந்தது. எடைத் தராசுக்கு அருகே முதலாளிகள் நாற்காலிகளில், சுவரோரம் டிரைவர்கள், முற்றத்தில் மல்லாட்டை உடைக்கும் பெண்கள். முருகையன் ஒரு தூணருகே நின்றான்.

தாண்டவராயன் எழுந்தார். கண்ணாடி எப்படி வந்தது, ஏன் வந்தது, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பார்க்க வந்தது என்று கட்டிக் கோத்துப் பேசினார். நீலாவதியின் பெயரை அவர் சொல்லத் தயங்கிய இடத்தில் பூவராகவன் குறுக்கிட்டார்: "என் சம்சாரந்தான் மாட்டினா. என்கிட்ட கேட்டா, நான் சிரிச்சேன். அதனால அவளே மாட்டினா." இன்னும் இரண்டு முதலாளிகள் திடீரென்று தத்தம் செருப்புகளை ஆராயத் தொடங்கினார்கள்.

"ஆகவே," என்று முடித்தார் தாண்டவராயன், "முருகையன் குற்றமற்றவர். காலையில் நடந்த விசாரணையில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

கைதட்டல் எழுந்தது. இந்த முறை தோள்கள் நிமிரவில்லை.

துரைராஜ்தான் முதலில் உயிர்பெற்றார். "அப்போ கண்ணாடியோடவே ஒரு மாடல் போட்டுடலாம் மொதலாளி! 'மகளிர் மந்தாரை'! நாளைக்கே கம்பெனிக்குத் தந்தி அடிக்கறேன்!"

"கழட்டின கண்ணாடியத் திரும்ப மாட்டிட்டு அதுக்கும் ஒரு புதுப் பேரா?" என்றாள் ரஞ்சிதம். "டிக்கியில கொஞ்சம் வெக்கத்தையும் ஏத்தி அனுப்பச் சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியதும் பூவராகவன் தூணின் பக்கம் திரும்பினார். "முருகையா, நாளைக்கு வண்டிய எடு."

"எடுக்கறேன் மொதலாளி. லாரியா காரான்னு சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு."

பூவராகவன் வாய் திறந்தார். பிறகு, "காரு," என்றார்.

தாண்டவராயன் நாற்காலியில் உட்கார்ந்தபோது ரஞ்சிதம் காதருகே குனிந்தாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "பிழை நேர்ந்துச்சா சார்? தானாவா நேர்ந்துச்சு? கூழு தானாவா கொட்டுச்சு?"

சொற்களையே ஆயுதமாகக் கொண்டு வாழ்ந்தவர் அவர். அந்த ஆயுதத்தின் பின்னால் தாமே ஒளிந்துகொண்டதைக் கண்டார். 'நேர்ந்தது.' 'தெரிவிக்கப்படுகிறது.' யார் செய்தார்? ஒருவரும் இல்லை. யார் வருந்துகிறார்? ஒருவரும் இல்லை. ஒரு மனிதனைத் தெருவில் அவமதித்தவர், வாக்கியத்தின் உள்ளே எங்குமே இல்லை!

எழுந்து, தூணை நோக்கி நடந்தார். கைகூப்பினார். "முருகையன், நான்..."

முருகையன் கூச்சத்தோடு பின்வாங்கினான். "எங்கிட்ட வேணாம் சார். எனக்குப் பழக்கம்தான். நீங்க கொட்டிட்டுப் போனதெல்லாம் பொறுக்கினது எங்க ஊட்டுக்காரி. மூட்டைங்களுக்கு நடுவுல அவளும் அங்கதான் நின்னுனு இருந்தா. அவகிட்ட சொல்லுங்க."

அங்கே நின்றிருந்தாளா? தாண்டவராயன் நினைவைத் துழாவினார். கூட்டம் நினைவிருந்தது, கைதட்டியவர் நினைவிருந்தார். ஒரு பெண்ணின் முகம் நினைவில் இல்லை.

முற்றத்தில், உடைத்த தோலின் குவியல் நடுவே முருகையனின் மனைவி ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் நிழல் மேலே விழுந்தும் அவள் கை நிற்கவில்லை. தோல் உடையும் ஓசை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பெண்கள்தான் கைகளை நிறுத்தினார்கள்.

"இன்னா வேணும்?"

"ஒன்றும் வேண்டாம் அம்மா. ஒன்று சொல்ல வேண்டும்."

"சொல்லுங்க."

நாற்காலிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. மண்டியின் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்த குரல், இப்போது தாழ்ந்தது. அவர் குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஏறத்தாழ உதட்டசைவாக, சொன்னார்:

"தப்புப் பண்ணிட்டேன்மா."

ராஜம்மாள் முதன்முறையாக நிமிர்ந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள். "அங்க சத்தமாத்தான கொட்டுனீங்க."

தாண்டவராயன் நிமிர்ந்து நின்றார். மண்டியைப் பார்த்துத் திரும்பாமல், அவள் முகத்தைப் பார்த்தபடியே, சத்தமாகச் சொன்னார்.